ஒன்பதாம் கண்டத்தில் முறிந்த கை

கோட்டுக்குள் அப்பாவின் இடது கை நுழைய மறுத்தது. வெர்னா மூன்றாவது தடவையாக முயன்றாள். முழங்கை மடங்கியபடியே நெஞ்சுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. உயிரோடிருந்தபோதே முப்பத்தேழு வருஷமாக நீளாத கை, செத்த பிறகா நீளப்போகிறது?

"பெட்டி மூடாதும்மா, ஒரு விரற்கடை இடிக்கும்," என்றார் அடக்க வேலை பார்க்கும் ஹாஸ்கெல். "நரம்பை வெட்டிவிட்டா நேராயிடும். வெளிய தெரியாது."

"வெட்டிடுங்க," என்றான் அவள் தம்பி லாரன். காலையிலிருந்து அவன் அந்த அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "பதினோரு மணிக்குப் போதகர் வந்துடுவார். ஜனங்க அந்தக் கையைத்தான் பேசுவாங்க, அக்கா."

பேசத்தான் செய்வார்கள். அவர்கள் ஊரான இத்தாகாவின் ஏரிக்கரையில் சினிமாக் கம்பெனி இருந்த காலத்தில், 'டல்சிக்குப் பதினைந்து கண்டங்கள்' என்று வாரம் ஒரு பாகமாக ஊமைப்படம் எடுத்தார்கள். ஒன்பதாம் பாகத்தில் பாலத்திலிருந்து ஓடும் ரயில்மேல் குதித்தது நாயகி டல்சி அல்ல. பொய்முடியும் பாவாடையும் மாட்டிக்கொண்ட தச்சர் ஆரின் டட்டில், அவர்களுடைய அப்பா. முழங்கை நொறுங்கிவிட்டது. நாயகியே குதித்ததாகப் பேப்பரில் போட்டார்கள். உண்மை தெரிந்த ஊரோ, பள்ளிக்கூடத்தில் லாரனை 'டல்சி மகனே' என்று கூப்பிட்டது.

படம் ஓடிய வாரம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு அந்தப் படத்தைத் தேடி எத்தனையோ ஊருக்கு எழுதிக் கேட்டார். ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. பிலிமிலிருந்த வெள்ளிக்காக எல்லாவற்றையும் கரைத்துவிட்டார்களாம்.

"உனக்கு வெக்கமா இருக்குன்னு அவரை வெட்டணுமா?" என்றாள் வெர்னா.

"நான் வாங்கின அடி உனக்குத் தெரியுமா?"

"மூக்குல ரத்தத்தோட வருவே. நான்தானே துடைச்சுவிடுவேன்." ஆனாலும் அவள் விடுவதாக இல்லை. "படம் போச்சு. பேப்பர்ல இருக்கறது பொய். அவர் குதிச்சதுக்கு இந்தக் கை ஒண்ணுதான்டா சாட்சி."

லாரன் வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"கத்திரிக்கோல் குடுங்க," என்றாள் ஹாஸ்கெலிடம். "கோட்டைத்தான் வெட்டப்போறேன், கையை இல்லை." தையலைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, மறுபடி தைத்தாள். பிறகு நாற்காலியை அப்பாவின் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஹாஸ்கெல் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

பத்தரைக்கு லாரன் திரும்பி வந்தான். கையில் அவனுடைய தச்சுப் பை. அக்காவைத் தாண்டிப் போய், அப்பாவின் முழங்கையை விரலால் அளந்தான். அதுவரை அந்தக் கையை அவன் தொட்டு அவள் பார்த்ததில்லை. பெட்டியின் ஓக் மூடியைக் கவிழ்த்துப்போட்டு, உள்ளே ஒட்டியிருந்த பட்டுத்துணியை ஓரமாகப் பிரித்து, உளியை வைத்தான்.

போதகர் வந்தபோது அவன் மூடியில் குடைந்த குழிக்குள் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறுங்க, பாஸ்டர்," என்றான் நிமிராமல். "முழங்கை உரசக்கூடாது."