பிரிக்கக் கூடாத பை

மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில், வெளிநாட்டுப் பயணிகளுக்கான வரியில்லா கவுன்ட்டரில் எனக்கு வேலை. பாஸ்போர்ட்டைப் பதிவு செய்து, பொருளைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு, வாயைச் சூடு வைத்து ஒட்டிக் கொடுப்பேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பார்க்கும்வரை அந்தப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சலுகை போய்விடும், வரியைக் கட்டவேண்டும்.

அன்றைக்கு ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. தம்பிக்கு அறுவைச் சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் உதட்டசைவைப் பேச்சாக்கும் கருவி அவருக்கு வேண்டியிருந்தது. கையடக்க டார்ச் அளவுதான் இருக்கும். பார்ப்பதற்கென்று மேசைமேல் வைத்திருந்த கருவியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்தபின், தகரத்தில் வண்டு ஓடுவது போன்ற குரலில் அவர், "அக்கா" என்றார்.

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம், "சின்ன வயசுல இவன் வாயை மூடவே மாட்டான்மா. ஆறு மாசமா இவனுக்கும் சேத்து நான்தான் பேசறேன். என் தொண்டை போயிரும்போல இருக்கு" என்றார்.

தம்பி தோள்கள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை.

எனக்கு மாலை வகுப்புக்குக் கிளம்பவேண்டும். பின்னால் வரிசையும் நின்றது. மளமளவென்று பதிந்தேன். அக்காதான் பாஸ்போர்ட்டை நீட்டினார், பணம் கட்டினார், நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தம்பி போனில் குனிந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் புதுக் கருவியைப் பெட்டியோடு பையில் போட்டு ஒட்டி எடுத்தபோது அவர் போனை என் முன்னால் நீட்டினார். 'பெட்டியில் இருப்பதில் ஒருதடவை பேசிப் பார்க்கிறேன். அப்புறம் ஒட்டுங்கள்.'

ஒட்டிய இடம் இன்னும் சூடாக இருந்தது.

"அதான் மேசைமேல இருந்ததுல பேசினியே தம்பி" என்றார் அக்கா. தம்பி இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் பைக்குள்ளிருந்த பெட்டியைக் காட்டினார்.

"வேற பை போட்டுக் குடேம்மா."

"இந்தப் பையோட நம்பர் சுங்கத்துக்குப் போயிருச்சுக்கா. வெட்டினா வரி கட்டித்தான் எடுத்துட்டுப் போகணும்."

எவ்வளவு என்று கேட்டார். காட்டினேன். "அம்மாடி" என்று மட்டும் சொன்னார்.

"ஆனா ஒண்ணுக்கா. ஊருக்குப் போய் இது ஓடலேன்னா அங்கே உத்தரவாதம் செல்லாது. ரெண்டு வாரத்துக்குள்ள இந்தக் கடைக்கே கொண்டுவரணும்."

"ஏன், ஓடாததையா விக்கிறீங்க?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன."

வரிசையில் நின்ற பெரியவர், "நாங்களும் ஊருக்குப் போகணும் தாயி" என்றார். தம்பி மறுபடி போனில் தட்ட ஆரம்பித்திருந்தார். விரல் தவறி எழுத்துகளை அழித்து அழித்துத் தட்டினார். "டாக்ஸி நிக்குது, வா. வீட்டுல போய் நாள் பூரா பேசு, யாரு வேணாங்கறா" என்று அக்கா அவர் முழங்கையைப் பிடித்தார். பாதி எழுதிய போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவரும் போய்விட்டார்.

உத்தரவாதத்தைப் பற்றி நான் சொன்னது உறுதி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று யோசித்தால், அக்காவைப் பார்த்துத்தான்.

அடுத்த வாரம் கடைக்கு போன் வந்தது. குரல் கேட்டதுமே அந்த அக்கா என்று தெரிந்துவிட்டது.

"ஏம்மா, இது வெறும் இரைச்சல்தான் போடுது. பேச்சு வரல. இங்கே ஒருத்தர்கிட்ட காட்டினேன். உள்ளேயே கோளாறு, எங்களால முடியாதுன்னுட்டார்."

"இங்கே கொண்டுவர முடியுமாக்கா?"

"பிளேனுக்கு யாரு குடுப்பா?"

கூரியரில் அனுப்பலாம் என்றேன். வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் என்பதால் இங்கே சுங்கத்தில் வரி போடுவார்கள், கம்பெனி சோதித்துப் பார்த்துத்தான் மாற்றித் தரும், ஒரு மாதமாவது ஆகும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்போ அன்னைக்கு மிச்சம் பண்ணினதை இப்போ கட்டணும்."

"ஆமாக்கா."

அவர் சிரித்தார். "நான்தான்மா பெரிய கெட்டிக்காரி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்ததுலேருந்து இவன் என்னோட முகம் குடுத்துப் பேசல" என்றவர், 'பேசல' என்ற சொல்லில் நின்றுவிட்டார். "இரு, உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம். போனைப் பிடுங்கறான்."

கொஞ்சம் உரசல் சத்தம். அப்புறம் ஒரே சீரான இரைச்சல். ஏறவில்லை, இறங்கவில்லை. நடுநடுவே நின்றது, மறுபடி தொடங்கியது. எதிர்க் கவுன்ட்டரிலிருந்து மேலாளர் வரிசையைக் காட்டிக் கைஜாடை செய்தார். நான் "சொல்லுங்கண்ணா" என்றேன். இரைச்சல் வேகமாக விட்டுவிட்டு வந்தது. எதையோ திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

கடைசியில் அக்காவின் குரல் வந்தது.

"என்ன சொன்னான்னு ஏதாவது புரிஞ்சுதாம்மா?"

"இல்லக்கா."

"எனக்கும்தான்" என்றார். பின்னால் இரைச்சல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.