'பிடிக்கவில்லை' குழாய்

அறிவியல் கூடத்தில் அவளைச் சதவீதம் என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்து கும்பல் கும்பலாக வரும் பிள்ளைகளுக்கு அங்கே மூன்று வகுப்புகள் நடக்கும்: இலை வகுப்பு, காந்த வகுப்பு, சத்த வகுப்பு. வகுப்பு முடிந்து வெளியே வருகிற பிள்ளைகளிடம் பிடித்ததா இல்லையா என்று கேட்டு, எண்ணி, சதவீதமாக்கி, மாதா மாதம் இயக்குநர் மேசையில் வைப்பது அவள் வேலை.

முன்பெல்லாம் காகிதப் படிவம்தான். படிவத்தைக் கையில் கொடுத்த அடுத்த நிமிடம் பாதி படிவங்கள் ராக்கெட்டாகி உத்தரத்தில் செருகிக்கொள்ளும். மீதியில் ஒருவன் மூன்று கட்டத்திலும் டிக் அடித்திருப்பான். இன்னொருத்தி எல்லாக் கேள்விக்கும் பதிலாகத் தன் தோழியின் பெயரையே எழுதியிருப்பாள். ஏணி வைத்து ஏறிப் புள்ளிவிவரம் சேகரித்த ஒரே ஆள் உலகத்திலேயே நம் சதவீதமாகத்தான் இருக்கும்.

பார்த்தாள். யோசித்தாள். படிவத்தைத் தலைமுழுகிவிட்டு, தச்சரைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கருவி செய்து வாங்கினாள். வராண்டாவில் பிள்ளைகளின் தோள் உயரத்துக்கு மூன்று கண்ணாடிக் குழாய்கள். கண்ணாடி என்பது பேச்சுக்கு. நல்ல கெட்டி பிளாஸ்டிக். ஒன்றில் 'பிடித்தது', அடுத்ததில் 'பரவாயில்லை', கடைசியில் 'பிடிக்கவில்லை' என்று எழுதியிருக்கும். ஆளுக்கொரு மரக்குண்டு கொடுப்பார்கள், போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறக் குண்டு என்பதால் நடுவில் குழாயைக் காலி செய்கிற வேலையும் இல்லை. சாயங்காலம் ஒரே தடவை கொட்டி, நிறம் பிரித்து எண்ணினால் போதும். இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளிடம் இரண்டு கறார் விதிகள் உண்டு. பிள்ளைகள் குண்டு போடும்போது பக்கத்தில் நிற்கமாட்டாள். பெரியவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் பொய்யாகத் தலையாட்டும் என்பது அவள் கட்சி. இரண்டாவது, சத்த வகுப்புக்குள் கால் வைக்கமாட்டாள். காரணம், அதை நடத்துகிறவள் அவள் நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே அலுவலகம். உள்ளே போனால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று ஆறு வருடமாக அந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தாள். நாத்தனாருக்கு அங்கே டமாரம் என்று பெயர். அவள் 'வணக்கம்' சொன்னாலே காந்த வகுப்பில் இரும்புத்தூள் எழுந்து நிற்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் இயக்குநருக்கு ஒரு சேமிப்பு அறை தேவைப்பட்டது. மூன்று வகுப்பறையில் ஒன்றைக் காலி செய்தாகவேண்டும். பிள்ளைகளுக்கு எது பிடிக்கவில்லையோ அதை மூடிவிடலாம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடிவு என்று சொல்லிவிட்டார். சதவீதம் மூன்று வாரக் குண்டுகளை எண்ணினாள். இலைக்குத் தொண்ணூறு சதவீதம் பிடித்தது. காந்தத்துக்கு எண்பத்தெட்டு. சத்த வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முப்பத்து மூன்று பேர் 'பிடிக்கவில்லை'. ஒரு நாள் தவறாமல் அதே கதை. இரண்டாம் தடவை எண்ணினாள், மூன்றாம் தடவை எண்ணினாள். குண்டு குண்டாகவே இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அறிக்கையில் எழுதிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் தோசைக்கல் மட்டும்தான் பேசியது. டமாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டுக்கே காது அடைத்த மாதிரி இருக்கும்.

"முப்பத்தி மூணு பேருக்குப் பிடிக்கலையாம்," என்றாள் கடைசியில், அண்ணி எதிரே உட்கார்ந்திருப்பதே தெரியாதவள் போலத் தன் அண்ணனைப் பார்த்து.

அண்ணன்காரர் டம்ளருக்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்துகொண்டார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் பத்து வருடம் வாழ்ந்த அனுபவம் அது.

"நானா கூட்டி எழுதினேன்? குண்டு விழுந்துச்சு, எண்ணினேன். உனக்குன்னு ஒரு கணக்கு, ஊருக்குன்னு ஒரு கணக்கு எழுதச் சொல்றியா?" என்றாள் சதவீதம்.

"எழுத வேணாம், அண்ணி." டமாரத்தின் குரல் உடைந்தது. "உள்ள குதிக்குதுங்க. மணி அடிச்சா எந்திரிக்க மாட்டேங்குதுங்க. வெளிய வந்ததும் பிடிக்கலைங்குதுங்க. நடுவுல பத்தடி வராண்டா. அந்தப் பத்தடியில என்னதான் ஆகுது? அதை மட்டும் ஒரு தடவை பாருங்க."

தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினாள். சதவீதம் பாதி தோசையைத் தட்டிலேயே விட்டு எழுந்தாள். அந்த வகுப்பு போனால் இவள் எந்த மூலையில் உட்கார்ந்து எந்தச் சாமானைக் காவல் காப்பாள் என்று யோசித்துக்கொண்டே அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு, பக்கத்தில் நிற்பதில்லை என்ற தன் முதல் விதியைக் காற்றில் விட்டுவிட்டு, அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கீழே அவள் செருப்பு தெரிந்தது வேறு விஷயம். சத்த வகுப்பு என்றைக்குமே மதியத்துக்கு மேல்தான்; அன்றைய முதல் வகுப்பு முடிந்து கதவு திறந்தது. நாற்பது பிள்ளைகளும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகளாக ஓடிவந்தார்கள். குண்டை வாங்கினார்கள். வாங்கினவர்கள் ஒருவர்கூடக் குழாயில் எழுதியிருப்பதைப் பார்க்கவில்லை. குழாயின் வாயில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்கள்! 'பிடித்தது' குழாயைத் தட்டினார்கள். காலையிலிருந்து வந்த இலைப் பிள்ளைகளும் காந்தப் பிள்ளைகளும் போட்ட குண்டு அதில் கழுத்துவரை நிறைந்திருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். 'பிடிக்கவில்லை'யைத் தட்டினார்கள். அது ஏறக்குறையக் காலி. கண் விரிந்தது. குண்டைப் போட்டுவிட்டுக் காதை ஒட்டவைத்தார்கள்.

"டொம்ம்ம்..."

அடுத்தவள், அதற்கடுத்தவன், எல்லாரும் அங்கேயேதான். சதவீதம் பலகைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, இரட்டைச் சடை போட்ட ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வகுப்பு பிடிக்கலையா உனக்கு?"

"யார் சொன்னா? செம வகுப்பு ஆன்ட்டி! இன்னொரு வாட்டி உள்ள விடுவாங்களா?"

"அப்புறம் ஏன் கடைசிக் குழாய்ல போட்ட?"

சடைக்காரி இவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பரிதாபம் அந்தப் பார்வையில் இருந்தது. "அதுலதான காத்து நிறைய இருக்கு? காத்து நீளமா இருந்தா சத்தம் கனமா வரும். அந்த முதல் குழாய்ல காத்தே இல்ல, டிக்குன்னு செத்துப் போகுது. நடுக் குழாய் நடுவுல வரும். வேணும்னா தட்டிப் பாருங்க."

"குழாய் மேல எழுதியிருக்கிறதைப் படிச்சியா?"

"எழுதியிருக்கா?" என்றாள் சடைக்காரி, உண்மையான ஆச்சரியத்துடன்.

சதவீதத்துக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கண்ணில் நீராகக் கொட்டி, அவளை அப்படியே வராண்டா தரையில் உட்காரவைத்தது. காவலாளி தண்ணீர் சொம்புடன் ஓடிவந்தார். பிடிக்கவில்லையா! வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை வாசல் தாண்டுவதற்குள் சோதித்துப் பார்த்திருக்கின்றன பொடிசுகள். அதைத்தான் இவள் முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று என்று எண்ணி, நாத்தனாரின் வகுப்புக்குக் குழி வெட்டியிருக்கிறாள்.

நாலு மணிக் கூட்டம் மூன்றேகாலுக்கே கூடியிருந்தது. இயக்குநரும், ஆலோசனைக் குழுவின் காது மூக்கு தொண்டை டாக்டரும் உட்கார்ந்து சேமிப்பு அறைக்கு எத்தனை அலமாரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சதவீதம் மூச்சிரைக்க நுழைந்து தலையும் வாலுமாக விஷயத்தைக் கொட்டினாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க நாத்தனார் வகுப்பு. காப்பாத்த நீங்களே ஓடி வர்றீங்க. நான் என்னம்மா நினைக்கிறது?"

"என்னை நம்பாதீங்க மேடம். நாத்தனாரைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன், மறைக்கல. மூன்றரைக்கு அடுத்த குழு இருக்கு. பிள்ளைங்களோட உட்காருங்க. வெளிய வந்து ஆளுக்கொரு குண்டு போடுங்க. என் அறிக்கையை அதுக்கப்புறம் படிங்க."

"போய்த்தான் பார்ப்போமே," என்று டாக்டர் எழுந்துவிட்டார். இயக்குநருக்கும் எழுந்திருக்கவேண்டியதாயிற்று. "நீங்களும் வாங்க," என்று சதவீதத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சதவீதம் அந்த வாசலைத் தாண்டினாள். முழங்கால் உயர முக்காலியில் மூன்று பெரியவர்களும் மடங்கி உட்கார்ந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் டமாரத்துக்கு ஒரு நொடி வாய் அடைத்துப்போனது. ஒரு நொடிதான். அப்புறம் நீளக் குழாய், குட்டைக் குழாய், பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டில் என்று எல்லாவற்றையும் நாற்பது பிள்ளைகள் கையிலும் திணித்து, "தட்டுங்க! காதுக்குள்ள யார் பேசறாங்கன்னு சொல்லுங்க!" என்று அவள் ஒரு கத்துக் கத்தியபோது சுவர் அதிர்ந்தது. "மாடு!" "கப்பல்!" "எங்க மாமா!" என்று பதிலுக்குப் பிள்ளைகள் கத்தினார்கள். டாக்டர் பாட்டிலை ஊதி ஊதி முகம் சிவந்துபோனார். இயக்குநர் பக்கத்துப் பையனிடம் நீளக் குழாய் கேட்டுக் கெஞ்சினார், அவன் தரவில்லை. சதவீதம் மெய்மறந்து கைகொட்டிச் சிரித்தாள். இத்தனை வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு அழுகையும் வந்தது.

மணி அடித்தது. வரிசை வெளியே வந்தது. பிள்ளைகள் தட்டினார்கள், போட்டார்கள், டொம், டொம், டொம். பின்னாலேயே டாக்டர். அவர் மூன்று குழாயையும் முறையாகத் தட்டிப் பரிசோதித்துவிட்டு, கடைசிக் குழாயில் போட்டார். "இன்னொரு குண்டு குடுங்க. ஒரு தடவை கேட்டு எப்படி முடிவு சொல்றது?" என்று கையை நீட்டினார்.

இயக்குநர் மிடுக்காக வந்து நின்றார். எழுதியிருப்பதை மூன்று முறை படித்தார். 'பிடித்தது' குழாய் அருகே கையைக் கொண்டுபோனார். கை அங்கே நிற்கவில்லை. மெதுவாக நகர்ந்து, நகர்ந்து, கடைசிக்குப் போயிற்று.

"டொம்ம்ம்..."

இயக்குநரின் முகம் ஒன்பது வயதுக்குப் போய்வந்தது.

"மேடம்," என்றாள் சதவீதம், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிடிக்கலைன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதித்தான் பாருங்களேன்!" என்றார் இயக்குநர். சிரித்து முடித்ததும் அவருடைய மூளை விழித்துக்கொண்டது. "அப்ப இந்தக் குழாய்ல மூணு வாரமா எடுத்த கணக்கு?"

"குப்பை மேடம். சத்த வகுப்புக் கணக்கு மொத்தமும் குப்பை. மத்ததையும் இனிமே நான் சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டேன்." சொல்லும்போது வலிக்கத்தான் செய்தது; பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த கருவி. ஆனாலும் அந்த வலி அவளுடைய சந்தோஷத்தின் முன்னால் நிற்கவில்லை. "பிடிச்சிருக்கான்னு கேட்கத் தெரியல எனக்கு. ஆனா கத்துக்கிட்டாங்களான்னு கேட்காமலே பதில் சொல்லிட்டாங்க பாருங்க."

"அலமாரியெல்லாம் மாடிப்படிக்குக் கீழ போகட்டும்," என்றார் இயக்குநர். "அந்தக் குழாயை என்ன பண்றது?"

"எனக்கு!" என்று கதவடியிலிருந்து டமாரம் போட்ட சத்தத்தில் டாக்டர் தன் தொழிலுக்கே உரிய முறையில் காதைப் பொத்திக்கொண்டார். "எனக்குக் குடுங்க அண்ணி, வகுப்புக்கு வச்சுக்கறேன். நீங்க பழையபடி காகிதமே குடுங்க. உத்தரத்துல ஏற ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

கிட்டே வந்தாள். காலையில் தட்டைக் கழுவிய அதே கையால் ஒரு குண்டை எடுத்து நீட்டினாள். "நீங்க மட்டும் போடவே இல்லையே, அண்ணி."

சதவீதம் குண்டை வாங்கினாள். ஆறு வருடம் கழித்து வந்து உட்கார்ந்த வகுப்பு. பிடித்திருந்தது, இதற்குமுன் எதுவும் இவ்வளவு பிடித்ததில்லை என்று சொன்னாலும் தகும். அதை முறையாகப் பதிவு செய்ய ஒரு குழாய் இருந்தது, அவளே எழுதிய எழுத்தோடு, வாய்வரை நிறைந்து. நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். சதவீதம் குண்டைக் கடைசிக் குழாயில் போட்டுவிட்டு, காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.