சட்டைப் பையில் ஒரு சாவி

புருஷனின் சட்டையில் மூன்றாவது பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கொழுந்தன் கதவோரம் நின்று கேட்டார்.

"அண்ணி, அந்தச் சாவி எங்க இருக்கு?"

அவள் நிமிரவில்லை. நேற்று விடிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார் அந்த மனுஷன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த உடம்பு. விறைத்த கைகளைச் சட்டைக்குள் நுழைக்க அவளும் மகளும் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். ஊருக்கெல்லாம் தைத்துப் போட்ட தையல்காரி, கட்டியவனுக்கு உடுத்திவிட ஆளா கூப்பிடுவாள்?

"எந்தச் சாவி?"

"கடலோர வீட்டுச் சாவிதான். ஒரே சாவி, அண்ணன்கிட்ட இருக்கு. வாடகைக்கு ஆள் பேசியாச்சு. நாளைக்கு நான் திரும்பணும்."

மகளுக்குச் சுருக்கென்றது. "அப்பா போய் முழுசா ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள ஆள் பேசிட்டீங்களா சித்தப்பா? எங்க வீட்டுக்கு?"

கொழுந்தன் தொண்டையைச் செருமினார். பிழைக்கப் போன நாட்டிலேயே குடியுரிமை வாங்கி, அந்த நாட்டுக்காரராகவே ஆகிவிட்டவர். "அங்க வெளிநாட்டு ஆளுங்க கடலோரத்துல வீடு வாங்க முடியாதும்மா. சட்டம் அப்படி. அதான் என் பேர்ல பதிஞ்சோம். அண்ணனுக்கும் தெரியும்."

தெரியும். தெரிந்துதான் செய்தார் அந்த மனுஷன். லிஃப்ட் மெக்கானிக். ஆயுசு முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு நின்றவருக்கு, கடைசிக் காலத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு வில்லாவில் உட்கார ஆசை. ஆசைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? அவள் மெஷினை மிதித்து மிதித்து வாங்கிய மனையையல்லவா சத்தமில்லாமல் விற்றுத் தம்பிக்கு அனுப்பினார்! வெளியூர் வேலை என்று போய்விட்டு, வந்தபிறகுதான் விஷயத்தையே சொன்னார்.

"பத்திரம் யார் பேர்ல?" என்று அன்றைக்கே கேட்டாள். அவர் சாவியை எடுத்து அவள் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

"சாவி யார் கையிலயோ அவன்தான்டி முதலாளி. நான் திறந்துவிடாம கட்டட ஓனரே லிஃப்ட் மெஷின் ரூமுக்குள்ள கால் வைக்க முடியாது, தெரியுமா?"

லிஃப்ட் வேலைக்கு அது சரி. உலகம் என்ன லிஃப்டா? அன்று நிறுத்திய பேச்சுதான். சோற்றைப் போடுவாள், தட்டை நகர்த்துவாள், அவ்வளவே.

"சந்தேகமா இருந்தா பாருங்க அண்ணி, வீடு அப்படியே பத்திரமா இருக்கு. அண்ணன் வந்தப்ப எடுத்த படம்." கொழுந்தன் போனை நீட்டினார்.

வெள்ளைச் சுவர். பெரிய பெரிய ஜன்னல்கள், அப்பால் கடல். ஜன்னலெல்லாம் இளநீலத் திரை.

அவள் போனைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். ஓரத்தில் இரட்டை மடிப்பு. அவளைத் தவிர வேறு யாரும் திரைக்கு அப்படி மடிப்பதில்லை.

அந்த வெளியூர் வேலைக்குப் போகுமுன், யாரோ கடலோர வீட்டு அம்மாவின் ஆர்டர் என்று புருஷன் அளவு கொடுத்திருந்தார். "கலர் நீயே எடு, அந்தம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். நிறத்தை அவள் எடுத்தாள். துணியை அவர்தான் வாங்கி வந்தார். "கடல் காத்துக்கு இவ்வளவு மெல்லிசா? அந்தம்மாவுக்குத் துணியைப் பத்தி ஒரு இழவும் தெரியாது போல" என்று திட்டித் திட்டித்தான் தைத்தாள். "அந்தம்மாவுக்கா தெரியாது!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தம்மா வேறு யாருமில்லை, அவளேதான்.

"பாவி மனுஷா!" என்றாள் பிணத்தைப் பார்த்து. "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அம்மா..." என்று மகள் தோளைத் தொட்டாள். அவள் உதறிவிட்டு எழுந்து, அவருடைய தலையணை உறைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். கொழுந்தன் கையை நீட்டினார். அந்தக் கையைத் தாண்டிப் போய் ஊசி நூலை எடுத்துவந்தாள். சாவியை அவர் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயை நெருக்கமாகத் தைக்கத் தொடங்கினாள்.

"என்ன அண்ணி இது? நான் பூட்டையே மாத்திட முடியும்."

"மாத்திக்கோ தம்பி. கூடவே அந்தத் திரையெல்லாம் கழட்டி அனுப்பு. வீடு உன் பேர்ல இருக்கலாம். திரை என் கையால தைச்சது. அதுல வேற எவளும் கடல் பாக்கக் கூடாது."

பல்லால் நூலைக் கடித்தாள். கொழுந்தன் கையை மடக்கிக்கொண்டார்.

உடம்பைத் தூக்கும்போது சாவியின் கனத்தில் பை ஒரு பக்கமாகத் தொங்க, சட்டை கோணிக்கொண்டது.

"நில்லுங்க" என்றாள்.

சுமந்தவர்கள் நின்றார்கள். அவள் கிட்டே போய், தோள் தையலைப் பிடித்து இழுத்து நேராக்கினாள். காலரை நீவிவிட்டாள்.

"ம். இப்ப தூக்குங்க."