ஹொப்

லெயோன்ஸின் முழியைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை பாரிஸில் கிடையாது. வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. மூன்று மணிக்கு அவன் தொலைக்காட்சியில் வந்து, கண்ணை இமைக்காமல் உருட்டிக்கொண்டே டிரம் வாசிப்பான். அந்த முழி எங்கே கிடைத்தது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "மாமியாரைப் பாத்துக் கத்துக்கிட்டது" என்பான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எல்லாரும் சிரிப்பார்கள், நான் குனிந்து இசைத்தாளைப் புரட்டுவேன். நான் ஒதில், இருபத்தைந்து வருஷமாக அவனோடு பியானோ வாசிப்பவள்.

முன்பெல்லாம் அவன் கண்ணை மூடித்தான் வாசிப்பான். நிலவறைகளில் நாங்கள் ஜாஸ் வாசித்த காலம் அது. கண் மூடினால் ஆள் இந்த உலகத்தில் இல்லை. தனி வாசிப்பு நீண்டுகொண்டே போகும், குடிக்க வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். நான்தான் "ஹொப்!" என்று கத்தி அவனைக் கரை சேர்ப்பேன். பிரெஞ்சுக்காரர்களான எங்களுக்கு அது எதற்கும் ஆகிற சொல். பிள்ளையைத் தூக்கினால் ஹொப், படியிலிருந்து குதித்தால் ஹொப், கைதவறியதைப் பிடித்தாலும் ஹொப்.

ஜாஸ் வயிற்றை நிரப்பவில்லை. சர்க்கஸ் வாத்தியக் குழுவில் சேர்ந்தோம். கண் எப்போதும் மேலேயே இருக்கவேண்டும் என்று முதல் நாளே சொன்னார்கள். ஊஞ்சல் வித்தைக்காரி மிரெய் கூடார உச்சியில் வீசி ஆடும்போது லெயோன்ஸ் இரண்டு குச்சிகளாலும் மாறிமாறித் தட்டி டிரம்மை விடாமல் உருட்டுவான். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும் அவள் புருஷன் "ஹொப்" என்றதும் உருட்டல் நிற்கும். அந்த நிசப்தத்தில் அவள் பிடியை விட்டு அவன் கைகளை நோக்கிப் பாய்வாள். கீழே வலை கிடையாது, அதுதான் அவர்களுக்குப் பெருமை.

மிரெய் வாயாடி. ஒரு நாள் மதியக் காட்சிக்கு ஏணியில் ஏறும்போதும் அவனைச் சீண்டினாள்.

"டேய் தூங்குமூஞ்சி, நான் பறக்கறப்போ நீ குறட்டை விட்டுடாதே!"

"நீ பத்திரமா வா தாயே. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

பாதி உருட்டலில், பழக்க தோஷம், அவன் கண் மூடிக்கொண்டது. பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. முழங்கை பட்டு இசைத்தாள் சரிந்தது. பிடித்தேன். "ஹொப்" என்றேன், மெதுவாகத்தான்.

உருட்டல் நின்றது. மிரெய் பாய்ந்தாள். அவள் புருஷனின் கைகள் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

"கண்ணை மூடிட்டேன். அவ புருஷன் குரல்னு நெனைச்சுட்டேன்" என்று விசாரணையில் லெயோன்ஸ் அழுதான். தான் கூப்பிடவே இல்லை என்றான் அவள் புருஷன். கூட்டத்தில் யாரோ கத்தியிருப்பார்கள் என்று எழுதி முடித்தார்கள். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல நான் அங்கேயே நின்றிருந்தேன். முதலில் பயம். பிறகு, அவனுக்கு என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் அவனை விட மனமில்லை.

அதற்கப்புறம் அவன் கண்ணை மூடி வாசித்ததில்லை. தூக்கம்கூட அரைக்கண்ணில்தான். ஒரு விடுதி மேடையில் அந்த வெறித்த பார்வையைக் கண்டு யாரோ சிரித்தார்கள். கோமாளி வேஷம், வேடிக்கைப் பாட்டு, சினிமாவில் துண்டு வேடம், கடைசியில் தொலைக்காட்சி என்று அந்தச் சிரிப்பே அவனைத் தூக்கிவிட்டது.

போன வியாழன் இயக்குநர் ஒரு கறுப்புத் துணியோடு வந்தார்.

"முசியே லெயோன்ஸ், இன்னிக்கு அந்த முழியைக் கட்டிப்புடலாமா? பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்."

மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். அவன் என் பக்கம் குனிந்தான்.

"இருபது வருஷமாச்சு ஒதில். ஒரே ஒரு தடவை மூடிப் பாக்கறேன். நீ பக்கத்துல இருப்பேல்ல?"

"இருக்கேன்டா."

நேரடி ஒளிபரப்பு. துணியைக் கட்டியதும் உருட்ட ஆரம்பித்தான். பாட்டு தொடங்கவேண்டிய இடம் தாண்டிப் போனது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். குழந்தைகள் சிரித்தார்கள், பிறகு அடங்கிப்போனார்கள். அவன் முகம் கூரையைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. துணிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. உருட்டல் ஓடும்வரை மிரெய் மேலேயே இருப்பாள்.

கை சோர்ந்து அவன் உருட்டல் பிசகத் தொடங்கியது. எப்படியாவது நிறுத்து என்று இயக்குநர் எனக்குச் சைகை காட்டினார். அவனை நிறுத்த ஒரே ஒரு சொல்தான் உண்டு. அதை நான் சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும்.

"ஹொப்" என்றேன், அன்று போலவே மெதுவாக.

குச்சிகள் நின்றன. கூரையைப் பார்த்திருந்த முகம் இறங்கிப் பியானோ பக்கம் திரும்பியது. துணியை அவன் அவிழ்க்கவில்லை.

"ஒதில்... அன்னிக்கும் நீதானா?"