இடப்பக்கக் கதவின் எடை

பூதலிங்கத்தின் பிக்கப் வண்டியில் இடப்பக்கக் கதவு வலப்பக்கக் கதவைவிட நாற்பத்தொரு கிலோ கூடுதல். வருடத்துக்கு ஒருமுறை சுரண்டை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பார். இரண்டு கிலோவும் சொச்சமும் ஏறியிருக்கும். வண்டி ஒருபக்கமாய்ச் சாயாமல் இருக்க, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் அதே எடைக்கு மணல் மூட்டை போட்டிருந்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். கதவுக்குள் இருந்தது அவர் மனைவி ஆவுடையம்மாளின் பேச்சு.

இருவரும் பாத்திர வாடகைத் தொழில் செய்தார்கள். ஆலங்குளத்தைச் சுற்றி எந்த ஊரில் விசேஷம் என்றாலும் அண்டாவும் கரண்டியும் இவர்களுடையவைதான். வண்டிக்குப் பத்தொன்பது வயது. கியர் ஊளையிடும். பின்கதவு கொட்டடிக்கும். முந்நூறு கரண்டிகள் ஒன்றோடொன்று சண்டை போடும். டேப்பில் பத்தொன்பது வருடமாக ஒரே கேசட் மாட்டியிருந்தது. அது ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இத்தனை இரைச்சலில் ஆவுடை பேசுவது ஓட்டுகிறவர் காதுவரை வந்து சேராது. பாதி வழியில் களைத்துத் திரும்பி, கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாகக் கதவுக்குள் விழுந்துவிடும்.

பூதலிங்கம் எல்லாவற்றுக்கும் 'ம்ம்' என்பார்.

அவருக்கு வண்டி ஓட்டுவதில் பெருமை உண்டு. வலப்பக்கம் முழுக்கக் கீறல்தான். ஆனால் இடப்பக்கம் ஒரு கோடு விழுந்ததில்லை. "இடது கை நிதானம் அப்படி" என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

ஆனி பன்னிரண்டாம் தேதி, பாவூர்சத்திரம் ரயில்வே கேட் தாண்டியதும் ஆவுடை ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள்.

"ம்ம்" என்றார்.

"என்ன ம்ம்?" என்றாள்.

"ம்ம்" என்றார்.

ஆவுடை அவர் கையைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். பின்னால் ஏறி, இருப்பதிலேயே பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அதில்தான் பயணம். எதிரே வருகிறவர்கள் அண்டாவுக்கு மேலே ஒரு தலையைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். அவளும் வைத்தாள்.

வீட்டில் எப்போதும் போலப் பேசினாள். உப்பு தீர்ந்ததைச் சொன்னாள். வண்டியில் மட்டும் இல்லை.

"அன்னைக்கு என்னதான் சொன்ன?" என்று கேட்டார்.

"ஒரு தடவைக்கு மேல சொல்ற பேச்சில்ல அது."

"எனக்குக் கேக்கலயே."

"கதவுலதான் கெடக்கு. போயி எடுத்துக்கிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பெறகு விசேஷ வீட்டுக்கு நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன். நீங்க பாத்திரத்த மட்டும் ஏத்திட்டு வாங்க."

பத்தொன்பது வருடத்தில் அவள் வண்டியில் இல்லாமல் அவர் விசேஷ வீட்டுக்குப் போனதில்லை. அண்டாவில் இருந்தாலும் அதே வண்டிதான். பஸ் என்பது வேறு.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு தாவீது சவுண்ட் சர்வீஸுக்குப் போனார்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே போனால் இரண்டாவது கியர் போட வேண்டியிருந்தது. பிறகு மூன்றாவது. வழியில் ஒரு டீக்கடை இருந்தது. கடைசியில் தாவீது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். காதில் பஞ்சு. ஆள் நிதானமானவன்.

"வண்டிக்குள்ள சத்தம் வரக் கூடாது. கதவுல கெடக்க பேச்சக் கேக்கப் புது ஸ்பீக்கரும் வேணும்" என்றார் பூதலிங்கம்.

தாவீது ஒரு பக்கத்துப் பஞ்சை மட்டும் எடுத்தான். பானெட்டில் காதை வைத்தான்.

"இது ஒரு வண்டிச் சத்தமில்ல அண்ணாச்சி. ஏழு வண்டிச் சத்தம்."

"மத்த ஆறு?"

"வழியில ஏறியிருக்கும். நீங்க இறக்கிவிட்டிருக்க மாட்டிய."

அவர் யோசித்தார். இறக்கிவிட்ட ஞாபகம் இல்லைதான்.

வேலை ஆரம்பமானது. தாவீது சீட்டைக் கழற்றினான், கால்மிதியை உரித்தான். ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் பசையுமாக இருந்த கறுப்பு ஷீட்டைத் தரையில் ஒட்டி, சப்பாத்திக் கட்டை போன்ற உருளையால் தேய்த்தான். ஷீட் படியப் படிய, அடியிலிருந்த சத்தம் ஓரமாக ஒதுங்கியது. அதைக் கையால் வழித்துத் தகர டின்னில் அடைத்து, வாயை வேட்டித் துணியால் கட்டினான். மத்தியானத்துக்குள் பதினோரு டின். சுவரில் எழுதியிருந்தது: எடுத்த சத்தத்தை இங்கே விட்டுச் செல்லக் கூடாது.

"நான் எங்க கொண்டு போக?" என்றார் பூதலிங்கம்.

"தேவைப்பட்டவுக வருவாக."

"யாரு?"

"வந்தாச்சு. ரொம்ப நேரமா நிக்காரு."

பூதலிங்கம் திரும்பினார். பக்கத்தில் ஒரு பேட்டரி ஆட்டோ நின்றது. அதன் சீட்டில் மைதீன் இருந்தான். ஆறு மாதமாக அவர் தெருவிலேயே ஆட்டோ ஓட்டுகிறவன். ஆறு மாதமாக அவனைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டீசல் ஆட்டோவ வித்துட்டு இத வாங்குனேன் அண்ணாச்சி" என்றான் மைதீன். குரல் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது. "சத்தமே இல்ல. மொதல்ல மாடு நகரல. அப்புறம் ஆளுக நகரல. இப்போ வீட்டுல தட்டு வைக்க மறந்துருதாக. என் பொண்டாட்டி நேத்து என் மேலயே துணி காயப் போட்டுட்டா."

"அடப்பாவி. எல்லாத்தையும் எடுத்துக்கிடு வே."

தாவீது ஒரு படிவம் நீட்டினான். சத்தம் கொடுப்பவர் பெயர். வாங்குபவர் பெயர். சத்தத்துக்கும் அவருக்கும் உறவு. மைதீன் 'வளர்ப்பு' என்று எழுதினான். பதினோரு டின்னையும் ஏற்றி முதல் டின்னை அவிழ்த்தான். ஆட்டோ பத்தொன்பது வருடப் பழசாய் உறுமிற்று. வாசலில் ஒரு நாய் எழுந்து குரைத்தது.

"அண்ணாச்சி, என்னையப் பாத்துக் கொலைக்குது!" மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்னையத்தான்!"

அடுத்தது இடப்பக்கக் கதவு.

தாவீது உள்அட்டையைக் கழற்றினான். வாசலில் நாய் கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. பேச்சு அடுக்கடுக்காய், பழைய புளி போல இறுகி இருந்தது. மைதீன் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, உறுமிக்கொண்டு கிளம்பிப் போனான்.

"இத எடுக்காம ஷீட் ஒட்டாது. புது ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டாத்தான் எளகும்" என்றான் தாவீது.

"மேல கெடக்கத மட்டும் போடு. அதுதான் வேணும்."

"அடியிலேருந்துதான் வரும். இன்னொண்ணு. 'ம்ம்' சொல்லிராதிய. சொன்னா திரும்ப உள்ள போயிரும்."

பூதலிங்கம் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கேபினுக்குள் அப்படி ஓர் அமைதி. தன் சட்டைப் பொத்தான்கள் இருப்பது அவருக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் ஆவுடை பேசினாள். பத்தொன்பது வருடம் இளைய குரல்.

"ஏங்க, இடப்பக்கம் சைக்கிள்."

"ம்ம்" என்றார்.

சைக்கிள் கதவுக்குள் திரும்பிப் போயிற்று. தாவீது வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினான்.

"ஏங்க, இடப்பக்கம் சைக்கிள்."

"பாத்துட்டேன் ஆவுடை."

அடுத்தது வந்தது. இடப்பக்கம் ஆடு. இடப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் கல்யாண ஊர்வலம். இடப்பக்கம் லாரி. "காலையில வெறும் வயித்தோட வந்தியளே." இடப்பக்கம் லாரி. "தூங்குதியளா என்ன?" இடப்பக்கம் சுவரு, சுவரு, சுவரு.

அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பாத்துட்டேன். ஒதுக்கிட்டேன். சாப்பிட்டேன். தூங்கல ஆவுடை. செவ்வாய் போய்ப் புதன் வந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட லாரிகள் வந்தன. புதன் மத்தியானம் வண்டியை விட்டு இறங்கி இடப்பக்கம் போய் நின்றார். கீறல் இல்லாத அந்தத் தகட்டைக் கையால் தடவிப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு மேலே கிடந்தது வந்தது. இப்போதைய குரல்.

"ஏங்க. ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பிள்ளைக எத்தனைன்னு கேக்காக. இல்லன்னு சொன்னா, ஏன் இல்லங்காக. பந்தியில கேக்காக, கைகழுவுற எடத்துல கேக்காக. இந்த வண்டியில ஏறி நீங்க கிளப்பிட்டா ஒருத்தர் சத்தமும் கேக்காது. இந்த இரைச்சல் இல்லன்னா நான் என்னைக்கோ கிறுக்காகியிருப்பேன். நல்லாருப்பிய நீங்க."

அன்றைக்கு அவர் 'ம்ம்' சொன்ன இடம் மட்டும் வெறுமையாய் ஓடியது.

"என்ன ம்ம்?" என்றது ஸ்பீக்கர்.

பூதலிங்கம் வாயைத் திறந்தார். இதற்குப் பதில் ஸ்பீக்கரிடம் சொல்கிற பதில் இல்லை என்று பட்டது. இறங்கினார். வண்டி கோயில் குளம் மாதிரி அமைதியாக நின்றது. அவள் கையெடுத்துக் கும்பிட்ட இரைச்சலைப் பதினோரு டின்னில் அடைத்துக் கொடுத்தாயிற்று.

மைதீனைத் தேடிப் போனார். தேட வேண்டியிருக்கவில்லை. நாலு தெரு தள்ளியே அவன் உறுமல் கேட்டது. பேருந்து நிலையத்தில் அவனைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு டின் மட்டும் திருப்பித் தா, மைதீன்."

"எல்லாத்தையும் கேளுங்க, தாரேன். நேத்து தட்டு வச்சாக அண்ணாச்சி. ரெண்டு தட்டு." அவன் சீட்டுக்கடியிலிருந்து ஒரு டின்னை இழுத்தான். "இதக் கொண்டு போங்க. பாத்திரச் சத்தம். ஏறுறவுக எல்லாம் சாப்பாடு எங்கன்னு கேக்காக."

தாவீதுக்கு அது பிடிக்கவில்லை. "மூணு நாளு மெனக்கெட்டுச் சத்தத்த எடுத்துட்டு, திரும்பக் கதவுல ஊத்தச் சொல்லுதிய."

"தம்பி, எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. வாடகைக்கு வாங்குன அண்டாவ யாரும் வெறுமையாத் திருப்பித் தர மாட்டாக. ஒரு கை அரிசி, ஒரு தேங்கா, ஒண்ணுமில்லன்னா ரெண்டு பூ. உள்ள போட்டுத்தான் தருவாக. நாப்பத்தொரு கிலோ எடுத்திருக்கேன். கதவ எப்படி வெறுமையாத் தர?"

தாவீது இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்துவிட்டு யோசித்தான். பிறகு டின்னைக் கதவுக்குள் கவிழ்த்து, மேலே ஷீட்டை ஒட்டி உருட்டினான். கண்ணாடி இறக்குகிற கைப்பிடியில் ஏதோ திருகினான்.

"ஒரு சுத்து சுத்துனா ஒரு சுத்து சத்தம் வரும். கண்ணாடிய ஏத்திட்டா நிக்கும். கை உங்க வீட்டம்மா கையா இருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு ஆவுடை மஞ்சப் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பக்கத்தில் அவள் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி. தென்காசி பஸ் வளைவில் தெரிந்தது.

பூதலிங்கம் வண்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தினார். யாரும் பார்க்கவில்லை. வண்டி அவ்வளவு அமைதி. ஒருத்தர் பானெட்டில் கோழிக் கூடையை வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். ஆவுடை வண்டியைத் தாண்டிப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"ஆவுடை!" பூதலிங்கம் இறங்கி ரோட்டில் நின்று கத்தினார். பத்தொன்பது வருடத்தில் அவர் அவளை நோக்கிக் கத்தியது அதுதான் முதல் தடவை. "நீ சொன்னது கேட்டுச்சு! எல்லாம் கேட்டுச்சு! இடப்பக்கம் ஒரு கோடு இல்லாததுக்கு நீதான் காரணம்! நீயும் நல்லாருப்ப!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டிரைவர் மரியாதையாக இன்ஜினை அணைத்தார்.

ஆவுடை படியிலிருந்து காலை எடுத்தாள்.

"கோழிக் கூடைய எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

கதவைப் பழைய பழக்கத்தில், நாற்பத்தொரு கிலோவுக்கான பலத்தோடு இழுத்தாள். அது மூன்று தடவை திறந்து மூடிவிட்டுத்தான் நின்றது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியளா?" உள்ளே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தும் அவருக்குக் கேட்டது.

"எடுத்துட்டேன். வெறுமையா வைக்கல. கைப்பிடியச் சுத்திப் பாரு."

அதற்குள் சொந்தக்காரி ஜன்னல் பக்கம் குனிந்தாள். "ஏன் ஆவுடை, கேக்கணும்னு நெனச்சேன். உனக்குப் பிள்ளைக..."

ஆவுடை கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றினாள். முந்நூறு கரண்டிகள் ஒரே நேரத்தில் சண்டையை ஆரம்பித்தன. சொந்தக்காரியின் வாய் மட்டும் அசைந்தது. ஆவுடை நன்றாகச் சிரித்துத் தலையாட்டினாள். வண்டி கிளம்பியது.

பாவூர்சத்திரம் தாண்டியதும் இரைச்சலுக்குள் அவள் ஏதோ சொன்னாள்.

பூதலிங்கம் 'ம்ம்' சொல்லவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

"என்ன சொன்ன?"

"இடப்பக்கம் லாரி வருதுன்னேன்."

பக்கத்துச் சாலையில் லாரி நின்றுகொண்டிருந்தது. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தது.

"பாத்துட்டேன் ஆவுடை" என்றார்.

லாரி கடந்து போயிற்று.

வண்டி மறுபடி ஓடியது. இப்போது அது வலப்பக்கமாய் நன்றாகச் சாய்ந்து ஓடியது. அவர் சீட்டுக்குப் பின்னால் நாற்பத்தொரு கிலோ மணல் மூட்டை அப்படியே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஆவுடை சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் சறுக்கி வந்தாள். மூட்டையை இறக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

கேபினுக்குள் அமைதியாகத்தான் இருந்தது. மூட்டையைப் பற்றி இருவரும் சொல்லவில்லை.