துடக்கு வீட்டு விளக்கு

என் கணவர் இறந்து மூன்றாவது வாரத்தில் ஹெலன் எனக்குப் போன் எடுத்தாள். அவர் வருடக்கணக்காகச் சனிக்கிழமைகளில் போய்வந்த ரக்பி கழகத்தில் ரசிகர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவளுடையது. எல்லாச் சமயத்தவரும் இது தங்கள் இடம் என்று நினைத்து வரவேண்டும் என்பதற்காகக் கழகம் இந்த முறை ஒரு தீபாவளி மாட்ச் வைக்கிறதாம். மைதானத்தின் ஓரத்தில் குத்துவிளக்கு ஏற்றப் போகிறார்கள். ஸ்ரீயின் ஞாபகமாக நீங்களே ஏற்றினால் நன்றாக இருக்கும் என்றாள். ஸ்ரீஸ்கந்தராஜா என்ற என் கணவரின் பெயரை அங்கே அப்படிச் சுருக்கி வைத்திருந்தார்கள்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போனைக் கையால் பொத்தினேன். யாழ்ப்பாணத்து வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டுக் காலம். அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க மாட்டோம். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் நிற்க மாட்டோம். அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளியே இல்லை. புருஷனைப் பறிகொடுத்து மூன்று கிழமையான ஒருத்தியைத் தீபாவளி விளக்குக்கு அழைக்க, மிகவும் நல்ல மனமும் கொஞ்சமும் விஷயம் தெரியாத தன்மையும் சேர்ந்திருக்க வேண்டும். ஹெலனிடம் இரண்டும் இருந்தன.

"ஆர் போனில?" என்றார் மச்சாள். என் கணவரின் மூத்த சகோதரி. சாவு நடந்த நாளிலிருந்து சட்டனில் உள்ள தன் வீட்டை விட்டுவிட்டு எங்களோடு கோலியர்ஸ் வுட்டில்தான் நின்றார்.

"றக்பிக்காரர் மச்சாள். தீபாவளி விளக்குக் கொளுத்த வரட்டாம்."

"ஆரை?"

"என்னை."

மச்சாள் கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "அவளுக்குத்தான் விசரெண்டால் உனக்குமே மலர்? இன்னும் அந்தியேட்டி முடியேல்லை."

"அவற்ர ஞாபகமா எண்டு சொல்லுறாள். படத்துக்கு முன்னால கொளுத்தித்தானே வைச்சிருக்கிறம்?"

"படத்துக்குக் கொளுத்திறது வேற, தீபாவளிக்குக் கொளுத்திறது வேற. அதுவும் அவ்வளவு சனத்துக்கு முன்னால."

மேசையில் லாப்டொப்போடு இருந்த மகள் ஜதுர்ஷிகா தலையை நிமிர்த்தினாள். "மாமி, அப்பாதான் இதை வைக்கச் சொல்லி அவையின்ர உயிரை எடுத்தவர். அம்மா ஷுட் கோ."

"நீ சும்மா இரு பிள்ளை. உன்ர கொப்பர் இருந்தால் அவரே ஓமெண்டு சொல்லார்."

சொல்லியிருப்பார். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஹெலனிடம் வர இயலாது என்றேன். காரணத்தை என்னால் முடிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். கடைசியில், அப்படியென்றால் உங்கள் விளக்கை எப்போது கொண்டுவந்து தரட்டும் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கு ஏற்பாட்டுக்கு உதவுவதாகச் சொல்லி, செப்டெம்பரிலேயே எங்கள் கல்யாண விளக்கை ஒரு பையில் சுற்றி அவளிடம் கொடுத்திருக்கிறார் மனிதர். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் விட்டிருக்க மாட்டேன்.

"நானே வந்து எடுக்கிறேன்" என்று ஹெலனிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமையே, மாட்ச் அன்றே.

"ஜதுவை அனுப்பன்" என்றார் மச்சாள்.

"அவளுக்கு அதைக் கழட்டத் தெரியாது. மரை தேஞ்சு போச்சு. நூல் சுத்தாட்டில் மேல் கொண்டை தட்டோட ஆடும்."

அது உண்மைதான். ஆனால் அதற்காக நான் போகவில்லை. அவருடைய சனிக்கிழமைகளில் என்ன இருந்தது என்று ஒருமுறையாவது பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. துடக்கு வீட்டில் இருந்துகொண்டு ஆசைப்படுகிறேனே என்று அன்றிரவு படத்தின் பக்கம் பார்க்கவே கூசியது.

ஒவ்வொரு வருடமும் அவர் இரண்டு இருக்கைகள் எடுப்பார். "இஞ்சாரும், ஒருக்கா வந்து பாருமன்" என்பார். "மழைக்குள்ள இருந்து ஆம்பிளையள் உருளுறதைப் பாக்க எனக்கென்ன விசரே?" என்பேன். அவர் தனியாகப் போய் என்னுடைய இருக்கையில் தன் பையை வைத்துக்கொள்வார். அங்கே அவருக்குப் பிடித்தது ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதுதான். இரண்டு அணிகளிலும் இருக்கும் பிஜி, டோங்கா, சமோவாக்காரர்கள் மைதானத்தின் நடுவே வட்டமாக மண்டியிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் செபம் செய்வார்களாம். "இடிச்சு விழுத்தினவன்ர தோளிலயே கைபோட்டுக் கும்பிடுறாங்கள் அப்பா. அதைப் பாக்கத்தான் நான் கடைசிவரைக்கும் நிக்கிறது." அந்த நேரம் அவரும் எழுந்து நிற்பாராம்.

"வேதக்காரரின்ர செபத்துக்கு எழும்பி நிக்கிறியள். எங்கட கோயிலுக்கு வரச் சொன்னால் கால் நோகுது" என்று நான் குத்தியிருக்கிறேன். அதற்கு அவர் சிரிப்பார்.

அவர் வருந்தி வருந்திக் கேட்டும் போகாத நான், ஹெலன் ஒருமுறை போன் எடுத்ததும் கிளம்பினேன். ரயிலில் இருந்து இறங்கி ரசிகர்களோடு நடக்கும்போது இதை நினைத்தேன். கழுத்துத் துணிகளோடு பியர் மணக்கப் பாடிக்கொண்டு போனார்கள். ஜதுர்ஷிகா என் கையைப் பிடித்திருந்தாள்.

மைதானத்தின் ஓரத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் என் விளக்கு நின்றது. பக்கத்தில் எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஒரு லட்சுமி படம். ஹெலன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு முகமெல்லாம் வியர்வை. விஷயம் இதுதான்: நான் மறுத்த பிறகு, கழகத்தின் பெரிய ஆட்டக்காரனான சேரு என்ற பிஜிக்காரனை விளக்கேற்றக் கேட்டிருக்கிறாள். அவன் ஸ்ரீயைத் தெரிந்தவன், பக்தியானவன், பொருத்தமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவன் இப்போதுதான் வந்து, இன்னொரு கடவுளின் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற என் விசுவாசம் இடம்கொடாது, ஆனால் பக்கத்தில் மரியாதையாக நிற்பேன் என்று சொல்லியிருக்கிறான்.

அவன் அங்கேதான் நின்றான், கதவு நிலையை நிரப்பிக்கொண்டு நிற்கும் உயரம். என்னைக் கண்டதும் குனிந்தான். உங்கள் கணவர் எங்கள் செபத்துக்கு எழுந்து நிற்பார், நாங்கள் கவனித்திருக்கிறோம் என்றான். பிறகு விளக்கைக் காட்டி, எனக்கு வெட்கமாக இருக்கிறது, மன்னியுங்கள் என்றான்.

"எனக்கும் தொட ஏலாது" என்றேன் தமிழில். பிறகு நினைவு வந்து ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. புரிந்தவனைப் போலத் தலையை ஆட்டினான்.

எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்காக வைத்த விளக்கு. அதை ஏற்றத்தான் ஆளில்லை. ஜதுர்ஷிகாவுக்கும் அதே துடக்கு. "நீர் கொளுத்தும் ஹெலன்" என்று அவளைத் தள்ளிவிட்டேன். அவள் பார்பெக்யூ லைட்டரோடு வந்தாள்.

"திரி உள்ளுக்குக் கிடக்கு, வெளியில இழுக்கச் சொல்லு" என்று மகளிடம் சொன்னேன். மகள் மொழிபெயர்த்தாள். "அவ்வளவு இல்லை. எண்ணெயில தோயோணும். ஐயோ, அந்தப் பக்கம் காத்து." சேரு காற்று வந்த பக்கமாகப் போய்த் தன் இரண்டு கைகளையும் மறைப்பாகப் பிடித்தான். முதல் திரி பற்றியது. இரண்டாவதும் பற்றியது. ஒலிபெருக்கியில் யாரோ அவருடைய பெயரைச் சொன்னார்கள். ஸ்ரீ என்று சுருக்காமல் முழுப் பெயரையும் உடைத்து உடைத்துச் சொன்னார்கள். சனம் எழுந்து கைதட்டியது.

அந்தச் சத்தத்தில் ஹெலன் திடுக்கிட்டு மேசையில் இடித்துவிட்டாள். விளக்கின் கொண்டை சாய்ந்தது. நூல் சுற்றாமல் பொருத்தியிருக்கிறார்கள். எரிகிற தட்டோடு அது சரிவதைக் கண்டதும் என் கைகள் தாமாக அதை நோக்கிப் போய்விட்டன. இரண்டு கைகளாலும் தண்டை இறுக்கிப் பிடித்தேன். சூடான எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது. சுடர் அணையவில்லை. சேருவின் பெரிய கைகள் சுடரைச் சுற்றியிருந்தன, என் கைகள் தண்டில். நிமிர்ந்தபோது மைதானத்தின் பெரிய திரையில் என் முகத்தைக் கண்டேன். வெள்ளைச் சேலையில், தீபாவளி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற துடக்குக்காரி. சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

விளக்கைக் கழற்றிப் பையில் வைத்ததும் போயிருக்க வேண்டும். ஜதுர்ஷிகா, பத்து நிமிஷம் அப்பாவின் இடத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றாள். அவருடைய இருக்கையில் யாரோ கழகத்தின் கழுத்துத் துணியை மடித்து வைத்திருந்தார்கள். எனக்காக அவர் பையை வைத்துக் காத்த இருக்கையில் நான் உட்கார்ந்தேன். மகள் பின்வரிசையில் ஓர் இடம் பிடித்தாள். அடுத்து இருந்த பரி என்ற கிழவர் என்னைப் பார்த்து, "நீங்கள்தானே வடை?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலைகளில் நான் முணுமுணுத்துக்கொண்டே சுட்டுக் கொடுத்த உளுந்து வடைகளை என் கணவர் இந்த வரிசை முழுவதற்கும் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. பசி தாங்காத மனிதன் என்று நினைத்திருந்தேன். இன்று கொண்டுவரவில்லையா என்று பரி பகிடியாகக் கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். துடக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அடுத்த முறை என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது.

பத்து நிமிஷம் ஆட்டத்தின் ஒரு பாதியாயிற்று. விதிகள் ஒன்றும் புரியவில்லை. பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் வைத்தால் புள்ளி என்பது மட்டும் விளங்கியது. இரண்டாம் பாதியில் சேருவிடம் பந்து வந்தது. ஒருவன் காலில் தொங்கினான், இன்னொருவன் முதுகில் ஏறினான், மூன்றாவது ஒருவனும் சேர்ந்தான். அவன் எல்லோரையும் இழுத்துக்கொண்டு நடந்தான். நான் எழுந்து நின்றேன்.

"விடாதை! போ ராசா, போ! விடாதை!"

அவன் விழுந்தபடியே பந்தை வைத்தான். நான் கைகளை உயர்த்திக் கத்திக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன். "இஞ்சாருங்கோ, பாத்தியளே!"

மடித்த கழுத்துத் துணி இருந்தது.

எவ்வளவு நேரம் மறந்திருந்தேன் என்று தெரியாது. அவர் இறந்ததை ஒரு முழுச் சந்தோஷத்தின் நீளத்துக்கு மறந்திருக்கிறேன். விளக்கைத் தொட்டதைவிட இதுதான் என்னை உட்கார வைத்தது. ஆட்டம் முடிந்து அவர்கள் நடுவில் மண்டியிட்டபோது எழுந்து நின்றேன். அந்த வட்டத்தை அவர் எத்தனை முறை தனியாக நின்று பார்த்திருப்பார்! பார்க்கும்படி என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மச்சாள்தான் கதவைத் திறந்தார். எண்ணெய் சுட்ட மணிக்கட்டைப் பார்த்தார், மருந்து எடுத்துத் தந்தார். மச்சாளின் போன் மேசையில் கிடந்தது. நான் விளக்கைப் பிடித்த காணொளி அதற்குள் எல்லா உறவினர்களுக்கும் போயிருந்தது என்று ஜதுர்ஷிகா பிறகு சொன்னாள். அந்தியேட்டி வரைக்கும் மச்சாள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து, ஐயர் போய், சனமும் போன பிறகு மச்சாள் அந்த விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். இருவருமாகக் குசினித் தரையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தோம்.

"வெண்டவையே?" என்றார் திடீரென்று.

"ஆர்?"

"உவங்கள்தான். றக்பிக்காரர்."

"இல்லை மச்சாள். தோத்துப் போச்சினம்."

"பிறகென்னத்துக்கு அப்பிடிக் கத்தினனீ? அதையும் ஆரோ எடுத்துப் போட்டிருக்கினம். வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய்."

எனக்கு முகம் எரிந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மச்சாள் வெள்ளை நூலை எடுத்து, தேய்ந்த மரையில் சுற்றத் தொடங்கினார். "தம்பி என்னையும் கேட்டவன், தெரியுமே? போன வருஷம். மலர் வரமாட்டாளாம், நீங்கள் ஒருக்கா வாங்கோ அக்கா எண்டு." நூல் சிக்கியது. பல்லால் கடித்து அறுத்தார். "குளிருக்குள்ள என்னால ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்."

கொண்டையைப் பொருத்தினார். இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. அதை என்னிடம் தந்தார். நான் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தேன்.