ஒரு டிகிரிக்குக் குறைவான திருப்பம்

கோவிந்தராஜனுக்குச் சுத்தம் என்றால் உயிர். புனேயில், நிக்டி பகுதியில் இருந்த அவர் வீட்டில் செருப்புகள்கூட அளவு வாரியாக வரிசையில் நிற்கும். பதினோரு வருடப் புரோகிராமர் வேலையிலும் அதே குணம்தான். தொழிற்சாலைக்குள் உதிரிபாகம் சுமக்கும் தானியங்கி வண்டிக்கு அவர் நானூற்றுச் சொச்சம் விதிகள் எழுதியிருந்தார்: எதிரே பீப்பாய் வந்தால் இதைச் செய், ஆள் வந்தால் அதைச் செய். பாவம், அந்த நானூற்றுச் சொச்சத்தில் இல்லாத எதையாவதுதான் தொழிலாளர்கள் தினமும் வழியில் கொண்டுவந்து வைத்தார்கள்.

2003-இல் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த அகல்யா அத்தனை விதிகளையும் ஓரங்கட்டிவிட்டு ஒரே ஒரு சமன்பாட்டை எழுதினாள். போக வேண்டிய திசை வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். தடை இருக்கும் திசை அதைத் தள்ளிவிடும். இழுப்பும் தள்ளலும் கணத்துக்குக் கணம் மாற, வண்டி தானாகவே வழி கண்டுகொள்ளும். முதல் தடவை அது இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே நழுவிப் போனதைப் பார்த்தபோது கோவிந்தராஜனுக்கு மெய்சிலிர்த்தது. வயிற்றெரிச்சலும் இருந்தது, இல்லையென்றால் பொய். ஆனால் என்ன மூளை இந்தப் பெண்ணுக்கு என்ற வியப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் அவர் கண்ணை உறுத்தியது. சென்சார் எண்கள் சதா ஆடியதால் வண்டியின் முகமும் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. சோதனை ஓட்டத்துக்கு முந்தைய நாள், நல்லெண்ணத்தோடுதான், ‘ஒரு டிகிரிக்குக் குறைவான திருப்பத்தைப் பூஜ்யமாக்கு’ என்று ஒரு வரியைச் சேர்த்தார். நடுக்கம் நின்றது. அகல்யாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேலாளர் வந்தார். ஓட்டம் தேறாவிட்டால் அகல்யாவின் திட்டத்தை மூடிவிட்டு, கோவிந்தராஜனின் பழைய விதிகளையே மறுபடி ஏற்றுவதாகப் பேச்சு. லேத் ஓட்டும் சுப்பையாவை வழியின் நட்டநடுவே நிறுத்தினார்கள். வண்டி நேராக அவர் முன் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

“என்னாம்மா, நான் நகரணுமா, இது நகரணுமா?” என்றார் சுப்பையா.

அகல்யாவின் முகம் வெளுத்துவிட்டது. “என்ற கணக்குலதானுங்க சார் ஏதோ தப்பு,” என்றாள் கோவிந்தராஜனிடம், மெதுவாக.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் நேர் எதிரே நிற்கிறார். இடப்பக்கத் தள்ளலும் வலப்பக்கத் தள்ளலும் சரிசமம். அந்தச் சின்ன நடுக்கம் இருந்திருந்தால் முகம் ஒரு பக்கம் இம்மியளவு சாய்ந்திருக்கும். சாயச் சாயத் தள்ளல் கூடி, வண்டியே திரும்பியிருக்கும். அழுக்கு என்று நினைத்து அவர் துடைத்துப்போட்டது அதன் உயிர்நாடியை.

“பந்த் கரோ,” என்றார் மேலாளர். நிறுத்திவிடச் சொல்கிறார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழைய விதிகள் திரும்ப வரும். கோவிந்தராஜன் மேலாளர் முன்னால் போய் நின்றார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி இந்தியில் சொன்னார், தவறு தன்னுடையது, இந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு குறையும் இல்லை, ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று.

அவர் சேர்த்த அந்த ஒரு வரி போனது. வண்டி நடுங்கியது, இடப்பக்கம் சாய்ந்தது, சுப்பையாவை அழகாகச் சுற்றிக்கொண்டு போனது. மேலாளர் கைதட்டினார்.

அகல்யா கோவிந்தராஜனையே பார்த்தாள். “சார், நீங்க பேசாம இருந்திருந்தா உங்க புரோகிராம்தானுங்களே ஓடியிருக்கும்?”

“ஓடியிருக்கும்மா,” என்றார் கோவிந்தராஜன், வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா அதை இப்படி நின்னு பார்த்துக்கிட்டிருக்க மாட்டேன்.”